மீத்தேன் எங்கே போனது?

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே பொட்சுவோலி என்றொரு ஊர். அதன் விளிம்பில் சோல்ஃபதாரா என்ற எரிமலை வாய் இருக்கிறது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் உருவானது. எரிமலை என்றதும் மனத்தில் எழும் கூம்பு மலை அங்கே கிடையாது. புல் முளைக்காத, வெளிறிய ஒரு திடல்தான். ஓரத்துப் பாறை வெடிப்புகளிலிருந்து சுமார் 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவி சீறுகிறது. வெடிப்பைச் சுற்றி மஞ்சளாகக் கந்தகம் படிந்திருக்கிறது. நடுவே ஃபங்காயா எனப்படும் சேற்றுக்குழி ஓயாமல் குமிழியிடுகிறது. எங்கும் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் வேலை அது. அந்த வாயு மேலே வந்து காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, படிப்படியாகக் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலத்தில்தான் மண் ஊறிக் கிடக்கிறது. 2017 செப்டம்பரில் நிலம் உள்வாங்கி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அதன்பின் பொதுமக்களுக்கு அந்த இடம் மூடப்பட்டது.

இந்தத் திடலின் குறுக்கே எட்டுக் கோடுகள் வகுத்து, மண்ணின் மேல் மூடிய கலங்களைக் கவிழ்த்து, மண்ணிலிருந்து எவ்வளவு மீத்தேன் கசிகிறது என்று அளந்தவர்கள் சிமோனா கஸ்தால்டியும் தாரியோ தெடெஸ்கோவும். அவர்களது முடிவுகள் 2005-இல் வெளியாயின. சேற்றுக்குழியின் அருகே ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் மீத்தேன் வெளியேறியது. ஓரத்துக் காட்டை நெருங்க நெருங்க அது சரசரவென்று குறைந்து, கடைசியில் மைனஸ் 4.5 மில்லிகிராம் ஆனது. அதாவது அங்கே மண் மீத்தேனை வெளியிடவில்லை, காற்றிலிருந்து உறிஞ்சியது. காட்டு மண் மீத்தேனை உண்பது தெரிந்த செய்திதான். வியப்பு வேறிடத்தில் இருந்தது. 70 டிகிரி வரை சூடேறிய, பி.எச் 1.8 வரை அமிலமான நடுத்திடலின் வெற்று மண்ணை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் மீத்தேன் கொடுத்துப் பார்த்தபோது, அதுவும் காட்டு மண்ணுக்கு இணையாக மீத்தேனைத் தின்றது. அதே மண்ணை உயர் அழுத்த நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கிவிட்டுக் கொடுத்தால் வாயு அப்படியே மிஞ்சியது. பாறையும் தாதுவும் செய்யும் வேதிவினையாக இருந்தால் வேகவைத்தாலும் நடந்திருக்கும். ஆகவே அந்த மண்ணில் ஏதோ ஓர் உயிர் இருந்தது.

எந்த உயிர் என்பதுதான் கேள்வி. அன்று தெரிந்திருந்த மீத்தேன் உண்ணிகளில் ஒன்றுகூட அங்கே பிழைத்திருக்க முடியாது.

மீத்தேன் எளிய மூலக்கூறு. ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். ஆனால் அந்தப் பிணைப்பை உடைப்பது எளிதல்ல. ஒரு மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். தொழிற்சாலைகளில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியின் மேல் நீராவியோடு செலுத்தித்தான் மீத்தேனைப் பிரிக்கிறார்கள். செம்பைத் தன்னுள் ஏந்திய ஒரு நொதியைக் கொண்டு இதையே சாதாரண வெப்பத்தில் செய்கின்றன சில பாக்டீரியாக்கள். மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் என்பது அந்த நொதியின் பெயர். அது ஆக்சிஜன் அணு ஒன்றை உள்ளே நுழைத்து மீத்தேனை மெத்தனாலாக்குகிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி, பின் ஃபார்மிக் அமிலமாகி, முடிவில் கரியமில வாயுவாகிறது. வழியில் வெளிப்படும் எலக்ட்ரான்களில்தான் செல்லின் பிழைப்பு. 1906-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் சோங்கன் என்ற ஆய்வாளர் இப்படியொரு பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் குளத்துச் சேறு, நெல்வயல், சதுப்பு நிலம், குப்பைமேடு என்று பல இடங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான வகைகள் கிடைத்தன. ஆக்சிஜனைக் கொண்டு மீத்தேனை உண்டு, ஆய்வகத்தில் வளர்க்க முடிந்த அவை அத்தனையும் புரோட்டியோபாக்டீரியா என்ற ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பத்தைத் தாங்குபவை சில அவற்றில் இருந்தன. சைபீரியக் கரிச்சதுப்புகளில் மிதமான அமிலத்தில் வாழ்பவையும் கிடைத்தன. அவற்றுக்கு உகந்தது பி.எச் 5 அளவு. எலுமிச்சைச் சாற்றின் பி.எச் ஏறத்தாழ 2. பி.எச் எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், 5-க்கும் 2-க்கும் இடையே இருப்பது ஆயிரம் மடங்கு வேறுபாடு.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்யான் போல், ஹூப் ஒப் டென் காம்ப் குழுவினர் சோல்ஃபதாரா சேற்றை எடுத்துக்கொண்டார்கள். அதே காலத்தில், ஒருவர் தேடுவது மற்றவருக்குத் தெரியாமல், வேறு இரண்டு குழுக்களும் தேடிக்கொண்டிருந்தன. நியூசிலாந்தின் ரோட்டோருவா அருகே டிக்கிடேரே என்ற இடத்தில் ஆவி பறக்கும் மண் உண்டு. ஹெல்ஸ் கேட், நரக வாசல், என்று அதற்குப் பெயர். அங்கே பீட்டர் டன்ஃபீல்டும் அவரது குழுவும் இறங்கினார்கள். ரஷ்யாவின் கிழக்குக் கோடியான கம்சாத்காவின் அமில வெந்நீர் ஊற்றில் எடுத்த மாதிரியில் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்து தாஜுல் இஸ்லாம், நில்ஸ் கோரே பிர்கெலாண்ட் ஆகியோர் வேலை செய்தார்கள். முதல் இரண்டு குழுக்களின் கட்டுரைகள் 2007 டிசம்பரில் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. மூன்றாவது, 2008 தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக இதழில். மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லின. மீத்தேனை உண்ணும் இந்தப் பாக்டீரியாக்கள் புரோட்டியோபாக்டீரியா அல்ல. வெருக்கோமைக்ரோபியா என்ற முற்றிலும் வேறு பெருங்குடும்பம்.

அந்தக் குடும்பம் மண்ணிலும் நீரிலும் உலகெங்கும் பரவியிருப்பது மரபணுச் சுவடுகளிலிருந்து தெரியும். ஆனால் அதில் பெரும்பாலானவற்றை யாரும் ஆய்வகத்தில் வளர்த்ததில்லை. புவியின் வேதியியலில் அவை என்ன செய்கின்றன என்று சொல்ல முடியாத நிலை. முதன்முறையாக அவற்றுக்கு ஒரு தொழில் தெரியவந்தது. மூன்று குழுக்களும் தத்தம் பாக்டீரியாவுக்கு வெவ்வேறு பெயர் சூட்டியிருந்தன. 2009-இல் கூடிப் பேசி, மெத்திலாசிடிஃபைலம் என்ற ஒரே பேரினப் பெயரை ஏற்றார்கள். பெயருரிமைக்காக ஆண்டுக்கணக்கில் சண்டையிடும் வழக்கமுள்ள துறையில் இது பாராட்டப்பட வேண்டிய பண்பு என்பது என் கருத்து.

நூறு ஆண்டுகள் இவை ஏன் கண்ணில் படவில்லை? யாரும் எரிமலைச் சேற்றில் தேடவில்லை என்பது பாதிக் காரணம்தான். மண்ணில் மீத்தேன் உண்ணிகள் உண்டா என்று பார்க்க, மீத்தேன் நொதிக்கான மரபணுவைத் தேடிப் பெருக்குவது வழக்கம். அதற்கு ஒரு சிறிய டி.என்.ஏ துண்டு வேண்டும்; தேடும் மரபணுவோடு அது ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுகளை ஏற்கெனவே தெரிந்த பாக்டீரியாக்களின் மரபணுவைப் பார்த்தே வடிவமைத்திருந்தார்கள். சோல்ஃபதாராவில் கிடைத்த மரபணு வரிசைகளில் மிகத் தொலைவானது, அதுவரை பதிவான எதனுடனும் பாதிக்கும் குறைவாகவே ஒத்துப்போனது. வழக்கமான துண்டை வைத்துத் தேடியவருக்கு 'இங்கே ஒன்றுமில்லை' என்றே விடை வந்திருக்கும். வாயு அளவீடு மட்டும் பிடிவாதமாக வேறு கதை சொன்னது. மரபணுக் கருவிகள் எவ்வளவு வளர்ந்தாலும், ஒரு மண்ணில் என்ன வாயு உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்ற பழைய கணக்கு வழக்கைக் கைவிடக் கூடாது என்று நான் நம்புவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி இந்த உயிர்களின் வாழ்க்கை. சோல்ஃபதாராவின் பாக்டீரியாவுக்குச் சோல்-வி என்று பெயர். சுமார் 55 டிகிரியில் நன்றாக வளரும், பி.எச் 0.8 வரை இறங்கினாலும் வளர்ச்சி நிற்காது. நியூசிலாந்தின் வி-4 இன்னும் சூடு விரும்பி: 60 டிகிரியும் பி.எச் 2-லிருந்து 2.5 வரையும் அதற்கு உகந்தவை. இப்படிப்பட்ட அமிலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பொதுவாகச் செல்லின் உட்புறத்தை நடுநிலைக்கு அருகே வைத்துக்கொள்கின்றன. வெளியே ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு. அவை சவ்வைத் தள்ளிக்கொண்டு நுழையப் பார்க்கின்றன. நுழைந்தவற்றைச் செல் ஓயாமல் வெளியேற்ற வேண்டும். உயிரோடு இருப்பதற்கே தினமும் கட்டவேண்டிய வரி அது.

அந்த வரியைக் கட்ட மீத்தேன் இருக்கிறது. ஆனால் மீத்தேன் கீழிருந்து வருகிறது, ஆக்சிஜன் மேலிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் மெல்லிய அடுக்கில்தான் குடித்தனம். ஆக்சிஜன் அங்கே ஏறி இறங்கும். சோல்-வியிடம் மீத்தேன் நொதியின் மரபணுத் தொகுதிகள் மூன்று உள்ளன. ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் ஒன்று வேலை செய்கிறது. தட்டுப்பாடு வந்தால் அதை விட்டு இன்னொன்று முன்னுக்கு வருகிறது.

இதைவிட என்னை ஈர்த்தது அதன் உடற்கட்டுமானம். பழைய மீத்தேன் உண்ணிகள் பெரும்பாலும் மீத்தேனிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடையே செங்கல்லாகக் கொண்டு உடலைக் கட்டுகின்றன. இது அப்படிச் செய்வதில்லை. மீத்தேனை எரித்து ஆற்றலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உடலுக்கு வேண்டிய கார்பனைக் கரியமில வாயுவிலிருந்து பெறுகிறது, அதுவும் பச்சைத் தாவரங்கள் பயன்படுத்தும் அதே கால்வின் சுழற்சியின் வழியாக. மீத்தேன் நிறைய இருந்தும் கரியமில வாயு போதாவிட்டால் அது வளராது. 2011-இல் இது உறுதியானது. அதற்கு முந்தைய ஆண்டில், காற்றின் நைட்ரஜனையும் தானே நிலைப்படுத்தும் என்று கண்டிருந்தார்கள். எரிமலை வாயுவில் கரியமில வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. ஆக, யாரும் எதையும் விட்டுச்செல்லாத வெற்றுத் திடலில் வாயுக்களை மட்டும் கொண்டு ஓர் உடலை முழுதாகக் கட்டிக்கொள்ளும் உயிர் இது. உபரி கிடைத்த நாளில் நம் கல்லீரல் செய்வதுபோலவே கிளைக்கோஜனாகச் சேமித்தும் வைக்கிறது.

மீத்தேன் மட்டுமே அதன் உணவு என்ற எண்ணமும் பின்னர் மாறியது. 2017-இல் நியூசிலாந்திலும் நெதர்லாந்திலும் தனித்தனியாக நடந்த ஆய்வுகள், இந்தக் குடும்பத்துப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் வாயுவையும் எரித்து ஆற்றல் பெறுகின்றன என்று காட்டின. 2023-இல் இன்னொன்று தெரிந்தது. செம்பைப் பிடித்துக்கொண்டு மீத்தேன் நொதியை முடக்கக்கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடையும் சோல்-வி ஆக்சிஜனேற்றிக் கந்தகமாக்கி, அதிலிருந்து ஆற்றலும் பெறுகிறது. நஞ்சை அகற்றும் வேலையே இரையும் ஆகிறது.

ஆனால் இந்தப் பாக்டீரியாவின் மிகப் பெரிய செய்தி வாயுக்களைப் பற்றியது அல்ல. அது ஒரு தொல்லையில் தொடங்கியது.

நைமேகன் ஆய்வகத்தில் சோல்-வியை வளர்க்க, தெரிந்த சத்துகள் எல்லாவற்றையும் ஊட்டக் கரைசலில் சேர்த்தார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு, செம்பு, நுண்சத்து உலோகங்கள் எல்லாம் அதில் இருந்தன. வளர்ச்சி சரியாக வரவில்லை. இத்தாலியிலிருந்து கொண்டுவந்த சேற்றுக்குழி நீரைச் சிறிதளவு ஊற்றினால் மட்டும் வளர்ந்தது. ஒரு சோதனைக்கூடப் பாக்டீரியா பிழைக்க எரிமலைச் சேற்றுநீரைக் கடன் வாங்கவேண்டிய நிலை. அந்த நீரில் ஏதோ ஒன்று இருக்கிறது. பாடநூல்களின் சத்துப் பட்டியலில் அது இல்லை.

விடை இரண்டாவது நொதியிலிருந்து வந்தது. மெத்தனாலை அடுத்த படிக்குக் கொண்டுபோகும் மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் நொதியைப் பற்றி அதுவரை கற்பிக்கப்பட்டது இது: அதன் மையத்தில் கால்சியம் உட்கார்ந்திருக்கும். பல பாக்டீரியாக்களில் அதே நொதியின் உறவுக்கார வடிவம் ஒன்றுக்கும் மரபணு இருந்தது. சாக்ஸ்-எஃப் என்று பெயர். அது என்ன செய்கிறது என்று பல ஆண்டுகள் புரியவில்லை. சோல்-வியிடம் கால்சிய வடிவமே கிடையாது; சாக்ஸ்-எஃப் மட்டுமே உண்டு. ஹைடல்பெர்க்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தாமஸ் பாரண்ட்ஸும் சக ஆய்வாளர்களும் அந்த நொதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தார்கள். மையத்தில் ஓர் உலோகம் இருந்தது. அது கால்சியம் அல்ல. சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களில் ஒன்று. சேற்றுநீருக்குப் பதிலாக அந்த உலோகங்களை மிகச் சிறிய அளவில் சேர்த்ததும் சோல்-வி வளர்ந்தது. 2014-இல் வெளியான கட்டுரை இதைத் தெளிவாகவே சொன்னது: எரிமலைச் சேற்றின் மீத்தேன் உண்ணிகளுக்கு அருமண் உலோகங்கள் இன்றியமையாதவை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜப்பானிய ஆய்வாளர்கள் மெத்தனால் உண்ணும் பாக்டீரியாக்களில் லாந்தனம் நொதியைத் தூண்டுவதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் வாழ்வே இல்லை என்று நிரூபித்தது இந்தச் சேற்றுப் பாக்டீரியாதான். அதுவரை இந்த உலோகங்களுக்கு உயிரில் பங்கு இல்லை என்றே கருதி வந்தார்கள். தனிம அட்டவணையில் கீழே தனி வரிசையாக ஒதுக்கப்பட்டிருக்கும் அந்தக் கூட்டம், உயிரின் தனிமங்களோடு சேர்ந்தது.

அருமண் என்று பெயர் இருந்தாலும் இவை அவ்வளவு அரியவை அல்ல. புவி மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் கிடைக்கிறது. அங்குள்ள அரிய மணல் ஆலை அதைப் பிரித்தெடுக்கிறது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் மூன்றும் அந்த மோனசைட்டில் உண்டு. ஆனால் மோனசைட் நீரில் கரையாது. கடுங்காரத்திலோ அடர் கந்தக அமிலத்திலோ போட்டுச் சூடாக்கினால்தான் தன் உலோகங்களைக் கொடுக்கும். நடுநிலை நீரில் இவை பாஸ்பேட்டாகவும் கார்பனேட்டாகவும் படிந்துபோய், உயிர்களின் கைக்கு எட்டாமல் கிடக்கும். சோல்ஃபதாராவில் சூடான கந்தக அமிலம் எரிமலைப் பாறையை இரவும் பகலும் அரித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே இந்த உலோகங்கள் நீரில் கரைந்து மிதக்கின்றன. மற்ற உயிர்களைத் துரத்தும் அதே அமிலம்தான் இந்தப் பாக்டீரியாவுக்கு அதன் உலோகத்தை எடுத்துக் கொடுக்கிறது.

இது எரிமலைக்கு மட்டும் உரிய விசித்திரமாக இருந்திருந்தால் ஒரு குறிப்போடு முடிந்திருக்கும். ஆனால் சாக்ஸ்-எஃப் மரபணு கடலிலும் மண்ணிலும் இலைகளிலும் பரவிக் கிடந்தது. அதன் பொருள் இப்போதுதான் விளங்கியது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள். எண்ணெயோடு பெருமளவு மீத்தேனும் ஆழ்கடலில் கலந்தது. அதை உண்ணும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகின. அப்போது எடுத்த நீர் மாதிரிகளின் அளவீடுகள் 2017-இல் வெளியாயின: மீத்தேன் தின்னப்பட்ட நீரில் இலகுவான அருமண் உலோகங்களும் குறைந்திருந்தன. பாக்டீரியாக்கள் இரையோடு உலோகத்தையும் எடுத்துக்கொண்டிருந்தன.

நம் வயல்களிலும் இதே வேதியியல் நடக்கிறது. இலை வளரும்போது செல்சுவரிலிருந்து மெத்தனால் கசிந்து இலைத்துளைகளின் வழியே வெளியேறுகிறது. இலைமேல் குடியிருக்கும் மெத்திலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்புப் பாக்டீரியாக்கள் அதை உண்கின்றன. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பி.பி.எஃப்.எம் என்ற பெயரில் வறட்சிக் காலத்தில் தெளிக்கக் கொடுக்கும் திரவத்தில் இருப்பவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். இந்த இனத்தில் பலவற்றிடம் கால்சிய நொதி, அருமண் நொதி இரண்டுமே உண்டு.

எரிமலைப் பாக்டீரியாக்களைப் பருவநிலை மாற்றத்துக்கு மருந்தாகச் சொல்லும் கட்டுரைகளை அவ்வப்போது பார்க்கிறேன். அளவு புரியாமல் எழுதுவது அது. காற்றில் மீத்தேன் தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 0.7 பங்காக இருந்து இன்று 1.9 பங்குக்கு ஏறியிருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட எடைக்கு எடை சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். அந்த உயர்வுக்குக் காரணம் எரிபொருள், கால்நடை, நெல், குப்பை. கொதிக்கும் சேற்றுக்குழிகள் அல்ல. இவை தின்பது தம் வாசலில் கசியும் மீத்தேனை. அந்த எல்லைக்குள் இவற்றின் வேலை முக்கியமானது. நிலத்துக்கடியிலிருந்து எவ்வளவு வாயு புறப்படுகிறது என்பதும் எவ்வளவு காற்றை அடைகிறது என்பதும் வெவ்வேறு எண்கள். இடையில் தின்னும் உயிரைக் கணக்கில் சேர்க்காமல் எரிமலை வாயுக் கணக்கைப் போட முடியாது.

சோல்ஃபதாரா, நியூசிலாந்து, கம்சாத்கா ஆகிய மூன்றுக்கும் பிறகு யெல்லோஸ்டோன், அசோர்ஸ் தீவுகள், பிலிப்பைன்ஸ், சிசிலிக்குத் தென்மேற்கே உள்ள பாண்டெலேரியா என்று இவற்றின் உறவினர்கள் கிடைத்துக்கொண்டே வருகிறார்கள். 2019-இல் பெர்கன் குழு பல நாட்டுப் பாக்டீரியாக்களை மரபணு வழி ஒப்பிட்டது. ஒரே இடத்தைச் சேர்ந்தவை தமக்குள் நெருங்கியும், வேறு இடத்தவற்றிலிருந்து விலகியும் இருந்தன. நுண்ணுயிர்கள் காற்றிலும் நீரிலும் எங்கும் பரவும், எந்த இடமும் அவற்றுக்குத் தனித் தீவு ஆகாது என்ற பழைய கருத்துக்கு இது எதிரான சான்று. சூடான அமிலச் சேற்றுக்கு வெளியே உள்ள குளிர்ந்த உலகம் இவற்றுக்குக் கடக்க அரிய கடல். ஒவ்வொரு எரிமலை வாயிலும் ஒவ்வொரு கிளை தனியாக வளர்ந்திருக்கிறது.

உலோகக் கதையும் நிற்கவில்லை. 2018-இல் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கொட்ரூவோவின் குழு, இலைமேல் வாழும் மெத்திலோபாக்டீரிய இனத்துப் பாக்டீரியா ஒன்றிலிருந்து லான்மாடுலின் என்ற சிறு புரதத்தைக் கண்டது. மற்ற உலோகங்கள் எவ்வளவு கலந்திருந்தாலும் அருமண் உலோகங்களை மட்டும் அது தேடிப் பிடிக்கிறது. காந்தங்களுக்கும் மின்வாகனங்களுக்கும் வேண்டிய நியோடிமியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க ஆலைகளில் கரைப்பான்களை வைத்துப் பல கட்டங்கள் ஓட்டவேண்டியிருக்கிறது. 2023-இல் அதே குழு, வேறொரு பாக்டீரியாவின் லான்மாடுலினைக் கொண்டு ஆய்வகத்தில் அந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் பிரித்தது.